ஜீப்பில் வந்த அம்மா

அம்மாவை நான் நிறைய வரைந்திருக்கிறேன். அடுப்பு ஊதும் அம்மா, பொதுக்குழாயில் துணி அலசும் அம்மா, ரப்பர் பால் வாளியோடு விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மா. எல்லாவற்றிலும் முதுகுதான் தெரியும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, புக்கிட் ரோத்தான் வீட்டில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அம்மா சும்மா எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்த நேரம் அவ்வளவு குறைவு. ஒரே ஒரு படத்தில் முழு முகமும் இருக்கிறது. அதில் அவள் போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில், எங்கள் தோட்டத்தின் உள்பக்கத்து லயங்களில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். காட்டோரம் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகாரர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோம் என்று பயம். லோரிகள் ஓடும் சடக்கோரம் புது லயம் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டு, போக வர ஒரு கேட் வைத்தார்கள். பெரியவர்கள் முகம் வாடிக் கிடந்தார்கள். எனக்கோ அது திருவிழா. லோரியில் பாய், சட்டி, கோழிக்கூடு, எல்லாவற்றுக்கும் மேலே அக்காவும் நானும்.

எங்கள் செவலை நாய் மட்டும் வரவில்லை. வயிறு தொங்கிக்கொண்டிருந்த அது, லோரிச் சத்தத்துக்கு மிரண்டு எங்கேயோ ஒளிந்துகொண்டது.

"பசிச்சா தானா வரும்," என்றார் அப்பா.

வரவில்லை. அம்மா பால் வெட்டும் மரங்கள் பழைய லயத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தன. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்: "நம்ம வீட்டுப் பலகைக்கு அடியில குட்டி போட்டிருக்குடி. எலும்பும் தோலுமா கெடக்கு. அப்பாகிட்ட சொல்லாத."

கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கே பசியாற எதுவும் எடுத்துப்போக அனுமதி இல்லை. வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், பெண்களைச் சோதிக்கத் தனியாக ஒரு பெண் இருப்பாள். அம்மா வாழையிலையில் சோற்றைத் தட்டையாக மடித்து, தலைத்துண்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். குட்டிகள் கண் திறக்கட்டும், அப்புறம் தூக்கி வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

ஒரு காலையில் அந்தப் பெண் தலைத்துண்டை அவிழ்க்கச் சொன்னாள்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில்தான் எனக்குச் செய்தி தெரிந்தது. "உங்கம்மாவ பிடிச்சிட்டாங்க லா," என்று ஒரு பிள்ளை சொன்னது. வீட்டுக்கு ஓடினேன். அக்கா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயசு இருக்கலாம். கண் சிவந்திருந்தது. "அம்மா வந்தா பசிக்கும்ல," என்றாள். அந்தச் சோறு அடிப்பிடித்த வாசனையை என்னால் இன்றுவரை எந்த வண்ணத்திலும் கொண்டுவர முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அப்பா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு அவர் கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்துக்குப் போனபோது, அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். மேசைமேல் அந்தச் சோற்றுப் பொட்டலம். மலாய்க்கார அதிகாரி, "யாருக்கு?" என்று கேட்கக் கேட்க, அம்மா தனக்குத் தெரிந்த மலாயில், "அஞ்சிங், துவான்... நாய்க்கு ஐயா," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கிருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். ஒரு பிடி சோறு கொண்டுபோனதற்காகச் சனங்கள் ஜெயிலுக்குப் போகிற காலத்தில், நாய்க்குச் சோறு என்றால் யார் நம்புவார்கள்?

அந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கிராணியின் பக்கம் திரும்பி, "இவள் சொல்வது பொய்யென்றால் இவளை வெளியே விடமாட்டேன். அந்த நாயைக் காட்டச் சொல்," என்றார்.

பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் போனார்கள். பழைய லயத்தில் கூரையைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள், கட்டைக்கால்மேல் வெறும் பலகைகள் நின்றன. துப்பாக்கியோடு இரண்டு பேர் முன்னால் இறங்கினார்கள். அப்பா கூப்பிட்டார். சத்தமே இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது அம்மா மண்ணில் குத்தவைத்து, நாக்கைச் சொடுக்கினாள். பலகைக்கு அடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது. அப்புறம் மெல்ல ஊர்ந்து செவலை வந்தது. வந்து அம்மாவின் கையை நக்கியது. பின்னாலேயே கண் திறந்தும் திறக்காமலும் குட்டிகள் கத்தின.

அதிகாரி தள்ளியே நின்று பார்த்தாராம். பிறகு பொட்டலத்தை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். நாய் தின்று முடித்ததும், "எல்லாவற்றையும் இன்றைக்கே கொண்டுபோ. இனி ஒரு பருக்கை வெளியே வந்தால் நான் எந்தச் சமாதானமும் கேட்கமாட்டேன்," என்றார்.

மதியம் தாண்டி ஜீப் கேட்டுக்குள் நுழைந்ததை நானே பார்த்தேன். அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போன அதே கைலி, அப்பாவின் பழைய சட்டை. மடியில் விரித்த தலைத்துண்டில் குட்டிகள். காலடியில் அப்பா நாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா அழுதுகொண்டே ஓடினாள். நான் குட்டிகளைப் பார்த்து ஓடினேன். செவலை அந்த வேலிக்குள்ளேயே கிழடாகி, எங்கள் அடுப்படியில்தான் செத்தது.

படத்தை முடித்ததும் முதலில் அக்காவுக்குக் காட்டினேன். "என்னடி, அம்மாவைச் சிரிக்க வச்சிருக்க? அன்னைக்கு அவங்க சிரிக்கவே இல்ல," என்றாள். இரண்டு பேரும் வாதாடிக்கொண்டே படத்தை அம்மாவிடம் எடுத்துப் போனோம். அம்மாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு குட்டி மடியிலயே மூத்திரம் பேஞ்சிடுச்சு. இறங்கவும் முடியாம, சொல்லவும் முடியாம அப்படி உக்காந்திருந்தேன்," என்றாள்.

மூவரும் சிரித்தோம். சிரித்து அடங்கிய பிறகு, அதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"ஸ்டேஷன்ல எனக்குப் பயமே இல்ல. உண்மையைத்தானே சொல்றோம்னு இருந்தேன். உங்கப்பா கூப்பிட்டும் அது வரல பாரு, அப்பதான் பயந்தேன். செத்துப்போச்சோன்னு. என்னை என்ன பண்ணுவாங்கன்னு அப்பகூட தோணல."

சொல்லிவிட்டு, படத்திலிருந்த நாயின் தலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். வண்ணம் இன்னும் முழுசாகக் காயவில்லை. விரல் நுனியில் ஒட்டிய செந்நிறத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.