என் விரலில் எடுத்த அளவு

பத்து வயதில் நான் ஒரு பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தேன். கேட்டவருக்கு எழுபது வயதுக்கு மேல்.

அப்போது உம்மா கல்முனைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பு விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். அங்கே மாவடிப்பள்ளி மாமி இருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை, ஊரைச் சேர்த்து அப்படிக் கூப்பிடுவோம். காலமெல்லாம் நெல் அவித்து விற்றவர். உமிப் புகை அவர் நெஞ்சுக்குள் போய்க் குடியிருந்துவிட்டது. கட்டிலருகே ஒட்சிசன் மெசின் இரைந்துகொண்டேயிருக்கும். அதிலிருந்து வரும் மெல்லிய குழாய் காதுகளைச் சுற்றி வந்து மூக்கில் முடியும். மெசின் போத்தலில் தண்ணீர் மாற்றுவதும், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமியின் விரலில் ஒட்சிசன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி, வரும் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவதும் என் வேலை. தொண்ணூற்றுக்குக் கீழே போனால் ஓடிவந்து சொல்ல வேண்டும். நான் முப்பது நோன்பும் பிடிக்கத் தொடங்கிய வருடம் அது. தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான்.

மாமியின் மகன் அக்கரைப்பற்றில் கடை வைத்திருந்தார். நோன்புக்கு முதல் வாரம் வந்தவர் கட்டில் ஓரத்தில்கூட உட்காரவில்லை.

“எங்கட பக்கம் அடிக்கடி கரண்ட் போற. இந்த மெசினக் கொண்டுபோய் என்ன உம்மா செய்ற? இது இல்லாம இருக்க ஏலுமெண்டாச் சொல்லுங்க, பெருநாளைக்குக் கூட்டிட்டுப் போறன்” என்றார். மாமி சரியென்று தலையை ஆட்டினார்.

உம்மா தடுத்தும் கேளாமல் மாமி நோன்பு பிடித்தார். இரண்டாம் நோன்பன்று என்னை அருகே கூப்பிட்டார்.

“நீ ஓதுற புள்ளதானே. மூக்கால இந்தக் காத்து போனா நோன்பு முறியுமா?”

நோன்போடு மூக்கில் மருந்து விடக்கூடாது என்று மத்ரஸாவில் படித்திருந்தேன். அது போதாதா? “ஓம் மாமி, முறியும்” என்றேன்.

“அப்ப உம்மாட்டச் சொல்லிராத மகள். அவ பயந்துருவா.”

அன்றிலிருந்து பகலில் குழாயை மூக்கிலிருந்து எடுத்து, முக்காட்டுக்குள் கழுத்தோடு செருகிக்கொள்வார். மெசின் இரையும், குழாய் முக்காட்டுக்குள் போகும். வாசலில் நின்று பார்க்கும் உம்மாவுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மாமியின் உதடு நீலம் பாரித்ததை நான் பார்த்தேன். நோன்பாளிக்கு உதடு காய்வது வழக்கம்தானே என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாளே கிளிப்பில் எண்பத்துமூன்று வந்தது. உம்மாவிடம் ஓட எழுந்தவளை மாமி பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியதில் சொற்கள் துண்டு துண்டாக வந்தன.

“உன்ட விரல்ல... போட்டு எழுது.”

ஒரு நோன்பைக் காப்பாற்றினால் எனக்கும் நன்மை கிடைக்கும் என்று நினைத்தேன். என் விரலில் தொண்ணூற்றெட்டு காட்டியது. அதையே எழுதினேன். மாதம் முழுக்க அப்படித்தான்.

உம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நோன்பு பிடித்து மாமி தேறிவிட்டார் என்று கொப்பியை எல்லோருக்கும் காட்டினார். மகனுக்கு டெலிபோன் கோல் எடுத்துச் சொன்னதும் அவர்தான்.

பெருநாளன்று மகன் வேனில் வந்தார். மெசின் இல்லத்திலேயே நின்றது. மாமி புதுச்சாரி உடுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் இரண்டு தடவை நின்று நின்று, வேன் வரைக்கும் நடந்தார். ஏறும்போது என் கையை விடாமல், “உன்ட விரல் நல்ல விரல் புள்ள” என்றார். அன்று முழுக்க எனக்குப் பெருமை தாளவில்லை.

மூன்றாம் நாள் மாமி மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. உம்மா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “தொண்ணூற்றெட்டு இருந்தவவுக்கு என்ன நடந்த?” என்று அழுதார். என் பத்வாதான் மாமியைக் கொன்றது என்று வருடக்கணக்கில் நம்பினேன். தொழும்போதெல்லாம் அந்தப் பயம்தான் முன்னால் வந்து நிற்கும்.

பெரியவளான பிறகு ஒருநாள் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், அந்த வருடம் முதல் நோன்பன்று மௌலவி வந்திருந்ததைச் சொன்னார். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, பிடித்தாலும் அந்தக் காற்று நோன்பை முறிக்காது என்று கட்டில் கட்டிலாகச் சொல்லிப் போனாராம். மாமியிடம் மட்டும் இரண்டு தடவை.

“‘நல்லா விளங்கின, ஹஸரத்’ எண்டு அவருக்கிட்ட மாமி சொன்னவ. நான் பக்கத்தில நிண்டன்” என்றார் உம்மா.

அதற்கு மறுநாள்தான் மாமி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பதில் அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போக அவருக்கு ஒரு நல்ல விரல் வேண்டியிருந்தது.