கொலைகாரனைச் சுருட்டிய சித்தி

ஐப்பசி மழைக்கு ஏற்ற, நடுங்கவைக்கும் நாவல்களாகத் தேடித் தோழிகளுக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். வாடகை நூலகத்தில் புதிதாக அட்டை ஒட்டிய ஒன்றை எடுத்ததும் மைதாப் பசை மணத்தது. நாரணாபுரத்தில் சித்தியின் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அன்று அங்கே ஓலையில் மழை விழ, பெண்கள் பழைய புத்தகத் தாள்களில் மைதாப் பசை தடவி வெடிக்குக் குழல் சுற்றுவார்கள். கொலை நாவல் வந்தால் நான் தாள் தாளாகக் கிழித்து, உரக்க வாசித்து, சித்தியிடம் நீட்டுவேன். ஒருநாள் அப்படி ஒரு நாவல் முடியும் தறுவாயில் இருந்தது.

"ஏட்டி, வெரசா வாசி. கொன்னது யாருன்னு தெரியாம கை ஓடலை."

"ஓடாத கையா அம்புட்டுக் குழலையும் சுத்துச்சு?" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசித் தாளை வாசிக்குமுன் கீழே வைத்துவிட்டு நான் தண்ணீர் குடித்து வருவதற்குள், சித்தி பழக்கதோஷத்தில் அதையும் சுற்றி ஒட்டியிருந்தாள்.

"அய்யய்யோ, கொலைகாரனையே சுருட்டிட்டேனேட்டி!"

அது எந்த ஊரில் வெடித்ததோ. இன்றும் என்னைக் கண்டால், "யாருன்னு தெரிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

பசை மணத்த புத்தகம் அதே நாவல். கடைசித் தாள் பத்திரமாக இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. தீபாவளி லீவில் சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள யாரையாவது உட்காரவைத்துவிட்டு, அவள் முன்னால் வாசிக்க வேண்டும்.