கொடிமலைக்குப் போகாத அக்கா

என் அக்கா நயாகரா பார்த்திருக்கிறாள். சுவிட்சர்லாந்தில் பனிமலை மேல் நின்று, "ஐஸ் பெட்டிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லி ஒன்றாக வந்த கூட்டத்தையே சிரிக்க வைத்திருக்கிறாள். நியூசிலாந்தில், கண்ணாடி மாதிரி கிடந்த ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டிருக்கிறாள். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பயண ஏற்பாடு செய்யும் கடையில் நான் வேலை பார்க்கிறேன். குழுவில் யாராவது கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் அந்த இடம் அக்காவுக்குக் கிடைத்துவிடும். அப்படி உலகம் சுற்றியவள், கெலுகோரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே தெரிகிற கொடிமலைக்கு மட்டும் போனதில்லை.

வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. பினாங்கில் இது ஒரு அதிசயமே இல்லை. சொந்தக்காரர்கள் வந்தால்தான் நாங்கள் மலை ஏறுவோம். அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் ஊரின் மாதா கோயில் திருவிழா என்றால் எங்கள் வீட்டில் ஒரு பட்டாளமே வந்து இறங்கும். மறுநாள் அவர்களை மலை ரயிலில் ஏற்றி, வரிசையில் நின்று, படம் எடுத்துக் கொடுத்து, இறக்கிக்கொண்டு வருவது நான். வரும்போது பசியோடு வருவார்களே என்று கோழிப் பிரட்டலும் ரசமுமாக அடுப்படியில் நிற்பது அக்கா.

"நீங்க போய்ட்டு வாங்க. மல எங்க ஓடிடப் போகுது?" என்பாள்.

மலை ஓடவில்லைதான். இனிப்பு நீர் வியாதி அவளுடைய வலக்கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இடக்கண்ணும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் எங்கே போகலாம் என்று அவளிடம் கேட்டேன். செர்ரிப் பூக்காலம், ஜப்பான் என்று மனதுக்குள் ஏற்கெனவே டிக்கெட் போட்டு வைத்திருந்தேன்.

"கொடிமல," என்றாள். "மேலருந்து பாத்தா நம்ம வீடு தெரியுதுன்னு வர்றவங்க எல்லாம் சொல்றாங்கள்ல? எனக்கு அதப் பாக்கணும்."

இவ்வளவுதானா என்று எரிச்சல் வந்தது. ஆனால் இவளைக் கிளப்புவது லேசா? முதலில் மழை, பிறகு கண்ணில் லேசர், பிறகு மறுபடியும் மழை. ஒருவழியாகப் புறப்பட்ட அன்றும் விடியற்காலையில் எழுந்து சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

ரயில் செங்குத்தாக ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே போய் இறங்கினால் மேகம்! கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

"ஒரே வெள்ளையா இருக்கே. எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்க்கா. மேகம்லா."

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் எந்தப் பயணத்திலும் பார்த்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் அலுத்துக்கொண்டே சோளம் தின்றார்கள்.

திடீரென்று எல்லாரும் 'ஓ'வென்று கத்தினார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. மேகம் விலகி, கொம்தார் கோபுரம், நீளமாகப் பாலம், கடலில் கப்பல்கள், அக்கரையில் மலைகள் என்று எல்லாம் பளிச்சென்று கிடந்தன. எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். அன்றைக்கு அதன் அழகைப் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது.

அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறந்துடுச்சா?"

அத்தனை பேர் கத்தும்போது என்ன பொய் சொல்வது? "ஆமாக்கா," என்றேன்.

"எனக்கு இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு," என்றாள். குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

"நம்ம வீடு தெரியுதா?"

பாலத்துக்கு இந்தப் பக்கம் அடுக்குமாடிகளுக்கு நடுவே தேடினேன். ஒரே மாதிரிக் கூரைகள். எது எங்களுடையது என்று யாருக்குத் தெரியும்?

"தெரியுதுக்கா. நல்லாவே தெரியுது."

"அப்படின்னா பாத்துச் சொல்லு, அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தேனா?"

"அணைச்சுதான் இருக்கு," என்றேன்.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்," என்றாள்.