தேங்காய்த்திட்டு இறாலும் புது மெஷினும்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இறாலை உரித்து உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். என் மனைவியும் அங்கேதான் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளோடு கொட்டகை நிறையப் பெண்கள்.

உற்பத்தியைப் பெருக்க அரசாங்கம் புதுத் திட்டம் கொண்டுவந்தது. மெஷின் வாங்கினால் மானியம், வரியில் சலுகை. உற்பத்தி கூடினால் ஏற்றுமதி கூடும், நாட்டின் வர்த்தகப் பற்றாக்குறை குறையும் என்று ஓர் அதிகாரி வந்து ஏசி அறையில் படம் போட்டுக் காட்டினார். முதலாளி வெளிநாட்டிலிருந்து உரிக்கும் மெஷினை இறக்கிவிட்டார். சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் வைத்தார். எதிலும் குறை வைக்கவில்லை.

ஆனால் அது ஒரே அளவாக வளர்ந்த பண்ணை இறாலுக்குச் செய்த மெஷின். எங்கள் கடல் இறாலோ ஒன்று கட்டைவிரல் தண்டி, இன்னொன்று மிளகாய் அளவு. கொட்டியதும் மறுபக்கம் துவையல்தான் வந்தது.

"நம்ம எறாவுக்கு இது ஒத்துவராதுன்னு அப்பவே சொன்னேனே சார்" என்றேன்.

"மெஷின நிறுத்துனா மானியத்தத் திருப்பிக் கேப்பாங்கய்யா" என்றார் முதலாளி.

அதனால் மெஷினை வைத்துக்கொண்டு இறாலை மாற்றினார். வெளிநாட்டுப் பண்ணை இறால் உள்நாட்டுப் பண்ணை இறாலைவிட மலிவாம். அது சென்னைத் துறைமுகத்துக்குக் கண்டெய்னரில் வந்தது. கூப்பிடு தூரத்தில் எங்கள் இறாலை ஏலம் போட்டுக் கத்துகிறார்கள், நான் சென்னையிலிருந்து லாரி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மெஷின் இறக்குமதி, பிளேடு இறக்குமதி, இறாலே இறக்குமதி. இதில் எந்தப் பற்றாக்குறை குறையும்? கேட்டால் எனக்குத்தான் பொருளாதாரம் தெரியாது என்பார்கள்.

உரிக்கும் பெண்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நம்ம எறா கெடந்து நாறும்போது கூப்புடாமலா போவாங்க?" என்று என் மனைவி காத்திருந்தாள்.

ஒருநாள் ஆபீசில், பழைய பெண்களை எல்லாம் மறுநாள் வரச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. வேலைக்குத்தான் என்று நானும் நம்பிச் சொன்னேன். அவள் ஏப்ரனைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனாள். என்னால் மெஷினை விட்டு நகர முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், ஏப்ரன் மடிப்புக் கலையாமல் மேசைமேல் கிடந்தது.

"வேல இல்லியா?"

"கம்பெனிக்கு ஏதோ விருதாம், டவுன் மண்டபத்துல விழா. நாற்காலி காலியா கெடக்கக் கூடாதுன்னு ஒக்கார வெச்சாங்க. ஏற்றுமதி கூடிடுச்சாம், கை தட்டச் சொன்னாங்க. தட்டிட்டு வந்துட்டேன்."