பாலத்தில் பதினொரு விளக்குகள்

விவேக் நகரில் ஆம்ப்ரோஸைத் தெரியாதவர்கள் உண்டு. ‘ஜெர்மனி ஆம்ப்ரோஸை’த் தெரியாதவர்கள் கிடையாது. இந்தப் பட்டத்தை யாரும் விழா எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு புகைப்படம் வாங்கிக் கொடுத்தது.

கறுப்பு வெள்ளைப் படம். வருடங்கள் ஓடியதில் டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. நடுவில் அகலமான ஆறு. இடது கரையில் கூர்கோபுரம் வைத்த பழைய தேவாலயமும், அதை ஒட்டி இடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டு வீடுகளும். வலது கரையில் நேற்றுத்தான் கட்டி முடித்ததுபோல் கண்ணாடி ஜன்னல் அடுக்குமாடிகள். இரண்டையும் சேர்த்து ஒரு பாலம், பாலத்தில் விளக்குக் கம்பங்கள். ஆறே இல்லாத பெங்களூரில் இப்படி ஓர் ஆற்றங்கரை ஊருக்கு எவ்வளவு மவுசு இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

நடந்தது இதுதான். 1974-ல் ஆம்ப்ரோஸ் வேலை பார்த்த இயந்திரத் தொழிற்சாலை, மூன்று மாதப் பயிற்சிக்கு நான்கு பேரை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அனுப்பியது. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது, கோட்டும் தைத்தாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். அவர் இடத்தில் கூட வேலை பார்த்த வைத்தீஸ்வரன் விமானம் ஏறினார். ஆம்ப்ரோஸ் கோலார் தங்கவயலில் அக்கா வீட்டில் கீழாநெல்லி குடித்துக்கொண்டு மூன்று மாதம் கிடந்தார். திரும்பி வந்த வைத்தீஸ்வரன், “உனக்குக் கிடைக்க வேண்டிய ஊருப்பா, படமாவது வச்சுக்கோ” என்று இந்தப் புகைப்படத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே வேலையை விட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார்.

தெருக்காரர்கள் படத்தைப் பார்த்தார்கள். ஆள் மூன்று மாதம் ஊரில் இல்லாததையும் சேர்த்துப் பார்த்தார்கள். “ஜெர்மனி எப்டி இருந்துச்சு?” என்று கேட்டார்கள். ஆம்ப்ரோஸ் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “குளிரு.”

அந்த ஒரு வார்த்தைக்கு இருபத்து நான்கு வருடம் காவல் காக்க வேண்டியதாயிற்று. ஆனால் பொய்யிலும் மனிதருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சட்டத்துக்கு வெளியே உள்ள எதையும் அவர் சொல்ல மாட்டார். தேவாலயம், பாலம், பாலத்தில் பதினொரு விளக்குகள். அதையும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணியிருந்தார். 1975-ல் மாப்பிள்ளை பார்க்க வந்த பிரிஜெட்டின் அப்பா இந்தப் படத்துக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தார். ஜெர்மனி போய் வந்தவன் சோடை போவானா என்று அவருக்கு நம்பிக்கை.

1998 மழையில் சட்டத்தைக் கரையான் அரித்தது. கோயில் பக்கத்தில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் ஜெயராஜ் பின்பலகையைப் பிரித்தான். “அங்கிள், பின்னாடி என்னமோ பிரிண்ட் ஆகியிருக்கு, பாருங்க.” பொடி எழுத்தில் லியேஜ், பெல்ஜியம் என்றிருந்தது. வைத்தீஸ்வரன் அதை எங்கே வாங்கினாரோ, கர்த்தருக்கே வெளிச்சம். ஆம்ப்ரோஸ் அக்கம்பக்கம் பார்த்தார். “மூடுப்பா, சீக்கிரம் மூடு” என்றார்.

அதே வருடம் நவம்பர் முதல் வியாழக்கிழமை, குழந்தை இயேசு கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்ததும், அவர் மகள் சிந்தியாவைப் பெண் பார்க்க யூஜின் தன் அம்மாவோடு வந்தான். ஐந்து வருடமாக அவனுக்கு வேலை ஃபிராங்க்ஃபர்ட்டில். உலகத்தில் வேறு ஊரா இல்லை! காலையிலேயே படத்தைக் கழற்றப் போன ஆம்ப்ரோஸை பிரிஜெட் தடுத்துவிட்டாள். “நம்ம வீட்ல பெருமையா காட்ட இருக்கறதே இது ஒண்ணுதான். சும்னே இருங்க.”

யூஜினின் அம்மாவுக்கு அவசரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. “இந்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல முதல் கல்யாண ஓலை வாசிச்சிடலாம்ணா. பாப்பாவை ஸ்கூல் வேலைய விட்டுட சொல்லுங்க. ஆறு மாசத்துல கூட்டிட்டுப் போயிடுவான்.”

யூஜின் எழுந்து படத்தருகே போனான்.

“ஓ, ஃபிராங்க்ஃபர்ட்! அங்கிள், இந்த பிரிட்ஜ் மேலதான் டெய்லி வேலைக்குப் போறேன். இந்த உசர பில்டிங் பின்னாடிதான் என் ஃபிளாட்.”

ஆம்ப்ரோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு வாய் காபி குடிக்கும்வரைதான் அந்த நிம்மதி. இந்தத் தொனி அவருக்குப் பழக்கமானது. இருபத்து நான்கு வருடமாக அவர் தொண்டையிலேயே குடியிருப்பது. பையன் அளக்கிறான்.

“பாலத்துல பதினோரு லைட்டு இருக்குமே தம்பி?”

“கரெக்ட் அங்கிள், பதினொண்ணு. இன்னும் அப்டியே இருக்கு.”

“பாலத்துக்கு அடியில ஒரு ரொட்டிக் கடை?”

“டெய்லி காலையில அங்கதான் பன் வாங்குறேன்!”

அந்த ரொட்டிக் கடை அந்த நிமிடம்தான் ஆம்ப்ரோஸ் வாயில் திறப்பு விழா கண்டது.

சும்மா இருந்தால் மானம் தப்பும். ஞாயிற்றுக்கிழமை ஓலையும் வாசித்துவிடுவார்கள். சமையலறை வாசலில் தட்டோடு நின்ற சிந்தியா, பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த அந்தப் படத்தை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

முக்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். ஜெயராஜ் அடித்திருந்த சின்ன ஆணிகளை ஸ்பூன் காம்பால் நெம்பி, பலகையை எடுத்துவிட்டு, படத்தின் முதுகை யூஜினிடம் காட்டினார்.

“படி தம்பி.”

யூஜின் படித்தான். முகம் வெளுத்துப்போயிற்று. அவன் அம்மா எட்டிப் பார்த்து, “அப்போ நீங்க போனது பெல்ஜியமாண்ணா?” என்றாள்.

“நான் வேளாங்கண்ணியத் தாண்டி எங்கயும் போனதில்லம்மா. உங்க பையன் எதுவரைக்கும் போயிருக்கான்னு கேளுங்க.”

யூஜின் தன் ஷூவைப் பார்த்தபடி, “பாம்பே” என்றான். அது அவன் அம்மாவுக்கே புதுச் செய்தி என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு சிந்தியா டம்ளர்களைக் கழுவினாள். ஆம்ப்ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்து, வரப்போகும் வசவுக்குக் காத்திருந்தார். மகள் தப்பித்தாள், சரி. ஆனால் அதே பொய்யில் இருபத்து மூன்று வருடத்துக்கு முன் விழுந்தவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிரிஜெட் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“எத்தினி லைட்டு சொன்னீங்க?”

“பதினொண்ணு.”

“பன்னெண்டு. கோயிலோரம் மரத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு, பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இருந்தது.

“நீ எப்ப எண்ணின?”

“கல்யாணமாகி வந்த மொத வாரம்” என்றாள் பிரிஜெட். “ஒரு தடவையாவது என்னைக் கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சு எண்ணி வச்சேன்.”