தேசம்மாவின் இடது கட்டைவிரல்

வெங்கடரமணனுக்குக் கைநாட்டு வாங்குவதில் ஒரு கர்வம் உண்டு. அது என்ன பெரிய வித்தையா என்று கேட்டுவிடாதீர்கள். அவர் காதில் விழுந்தால் அரை மணி நேரம் விளக்கம் சொல்லுவார். மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் இருபத்தாறு வருஷம் நகைக்கடன் பிரிவில் இருந்தவர். எழுதத் தெரியாதவர்களின் இடது கட்டைவிரலைத் தானே பிடித்து, பழைய துணியால் ஒற்றி, மைப்பெட்டியில் லேசாகத் தொட்டு, காகிதத்தின் மேல் ஒரே உருட்டாக உருட்டி எடுப்பார். குப்பத்து மீன்காரப் பெண்களுக்கு ஐஸும் உப்பும் செதிலும் சேர்ந்து விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும், ரேகையே விழாது. மற்ற குமாஸ்தாக்கள் இரண்டு மூன்று தடவை அப்பிவிட்டு அசடு வழிவார்கள். இவர் எடுத்தால் முதல் தடவையே சுழி சுழியாக விழும். சாந்தோம் பக்கம் குப்பத்தில் அவருக்குப் பெயரே பேங்க் சார்தான்.

அதே கையால்தான் ஏலப் பட்டியலும் எழுதினார். வட்டி கட்ட முடியாமல் போனவர்களின் தோடு, மூக்குத்தி, தாலிக்குண்டு என்று ஒவ்வொன்றாக எடை போட்டு வரிசைப்படுத்துவார். விதி அப்படி, நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொண்டே தொண்ணூற்றாறில் ஓய்வு பெற்றார். பிறகு இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தார். மனைவி காமாக்ஷி புளி கரைக்கும் விதத்தில்கூட இவர் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நிலைமையில்தான் அடையாறு காந்தி நகரில் ஒரு கூட்டத்துக்குப் போனார். காமாக்ஷியே பிடித்துத் தள்ளி அனுப்பியதாகவும் சொல்வார்கள். பேசியவர் கருணாகரன், கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். ஏழை நாடுகள் வாங்கிய கடனைப் பற்றிப் பேசினார். வாங்கியவன் எவனோ ஒரு சர்வாதிகாரி. மாளிகை கட்டினான், துப்பாக்கி வாங்கினான், செத்தும் போனான். கட்டுகிறவர்கள் அந்த ஊர் விவசாயியும் பிள்ளைத்தாய்ச்சியும். அசலைப் போலப் பல மடங்கு கட்டியாயிற்று, கடன் மட்டும் குறையவில்லை. பள்ளிக்கூடத்தை மூடு, ஆஸ்பத்திரிக்குக் காசு வாங்கு, வட்டியைக் கட்டு என்று கடன் கொடுத்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டாயிரம் பிறப்பதற்குள் அந்தக் கடனை ரத்து செய்யச் சொல்லி உலகம் முழுக்கக் கையெழுத்து வாங்குகிறார்கள், நாமும் வாங்குவோம் என்று முடித்தார்.

வெங்கடரமணன் அழுதுவிட்டார். இருபத்தாறு வருஷமாக எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தது அன்று திறந்துகொண்டது. ஆளுக்கு ஐந்நூறு கையெழுத்து என்றார் கருணாகரன். இவர் எழுந்து நின்று, "நான் ஆயிரம் கொண்டு வரேன், சார்" என்றார். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவரைக் கெடுத்தது என்பது என் கட்சி.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் தோளில் ஜோல்னாப் பையோடு தி. நகர் பனகல் பார்க்கில் நின்றார். புடவைப் பையோடு போகிறவர்கள் அவரைச் சீட்டுக் கம்பெனி ஆள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். நம் நாட்டுக் கடனையே கட்டக் காணோம், ஆப்பிரிக்காவுக்கு என்ன வந்தது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். கபாலி கோயில் வாசல், அடையாறு பஸ் டிப்போ, தெரிந்தவர் கல்யாணம் ஒன்று விடாமல் அலைந்தும் பிப்ரவரிக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் அறுநூற்று முப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மனுவில் கைநாட்டும் செல்லும் என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை தன் பழைய மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார்.

முதலில் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தார். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு என்று அவர் தொடங்கியதும் பெண்கள் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டார்கள். அப்போது தேசம்மா வந்தாள். ஐம்பது வயசு இருக்கும், புருஷன் கடலோடு போனவன். மகள் புஷ்பத்தின் கல்யாணத்துக்கென்று சேர்த்த மூன்று சவரன் சங்கிலி, வலை வாங்கியபோது வங்கிக்குப் போனது. வருஷா வருஷம் வட்டியைக் கட்டிக் கைநாட்டு வைத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். முதல் கைநாட்டை எடுத்தவரே வெங்கடரமணன்தான்.

"அட, பேங்க் சார்! இன்னா சார், கடன் தள்ளுபடியா?"

"ஆமாம்மா. ஏழைகளோட கடனை ரத்து பண்ணச் சொல்லி மனு."

"முன்னே ஒருவாட்டி கவர்மெண்ட்டுல பண்ணாங்களே, அது மாரியா? அப்போ திருப்பிக் கட்ட வாணாம்?"

"அதைத்தாம்மா கேக்கறோம். திருப்பித் தர வேண்டாம்னு."

"என் செயினும் அங்கதான கீது சார். இந்த மாசம் வட்டி கட்டணும். அதுவும் வந்துருமா?"

அவள் கேள்வி அவருக்கு நன்றாகப் புரிந்தது. அதில் சந்தேகமே வேண்டாம். இல்லையம்மா, இது வேறு கடன், உன் வட்டியைத் தவறாமல் கட்டிவிடு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் அவள் குரல் கேட்டு மற்றவர்களும் வந்து பின்னால் நின்றுவிட்டார்கள். வரிசை படகு வரைக்கும் நீண்டிருந்தது. இன்னும் முந்நூற்று எழுபது வேண்டும்.

"நல்லது நடக்கும்மா. விரலைக் குடு" என்றார்.

முதல் தடவையே சுழி சுழியாக விழுந்தது. மூன்று மணி நேரத்தில் ஆயிரமும் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். "மீன் விக்கிற பெண்கள், கண்ணால பாக்காத தேசத்துப் பெண்களுக்காக ரேகை வச்சிருக்காங்க!" என்று கருணாகரன் உருகினார். முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாள், அவர்களுக்கு எப்படி இதைப் புரியவைத்தீர்கள் என்று ஆவலோடு கேட்டார். "அவா பாஷையில சொன்னேன்" என்றார் வெங்கடரமணன். சொல்லும்போதே காது மடல் சுட்டது. ஆனாலும் சால்வையைக் கழற்றவில்லை, பஸ்ஸிலும் போட்டுக்கொண்டே வந்தார்.

ஜூன் மாதம் பணக்கார நாடுகளின் தலைவர்கள் ஜெர்மனியில் கூடினார்கள். உலகத்துக் கையெழுத்தெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது. கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள் என்று செய்தி வந்தது. வெங்கடரமணன் பேப்பரைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். குப்பத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. கடற்கரைக்கு நடக்கப் போகிறவர் பாதையை மாற்றிக்கொண்டு நாகேஸ்வரராவ் பூங்காவோடு திரும்பிவிடுவார். காரணம் கேட்ட காமாக்ஷியிடம் முழங்கால் வலி என்றார்.

ஆகஸ்டில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், வாசலில் தேசம்மா நின்றாள். தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மல்லிகைப் பூவும் வைத்திருந்தாள்.

"இன்னிக்கி யாவாரத்துக்குப் போவல சார். உங்க வூட்டுல கவுச்சி அடிக்கக் கூடாதுன்னு சோப்பு போட்டுக் குளிச்சுட்டு வந்தேன்" என்றாள் சிரித்துக்கொண்டு. "நீ சொன்னா மாரியே ஆயிடுச்சு. பேங்க்ல இருந்து காயிதம் மேல காயிதமா வந்துச்சு. பத்திரமா மாதா படத்துக்குப் பின்னால வெச்சுகீறேன். நேத்து வந்ததுல ஏதோ பணம் தராங்கன்னு போஸ்ட்மேன் சொன்னாரு. செயினும் பணமும் சேத்து வாங்கியாரலாம், நீயும் கூட வா சார். வேளாங்கண்ணி மாதா திருநாள் முடிஞ்சதும் புஷ்பத்துக்குக் கல்யாணம்."

பிளாஸ்டிக் பையிலிருந்து கடிதங்களை எடுத்து நீட்டினாள். மூன்று ரெஜிஸ்டர் தபால், ஒன்றும் பிரிக்கப்படவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. வட்டி கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்ற அந்த வாசகத்தை எத்தனை நூறு தடவை அவரே எழுதியிருக்கிறார். பிரித்திருந்த நான்காவது கடிதம், நகை ஏலம் போய்விட்டது, அசலும் வட்டியும் செலவும் போக மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை வந்து பெற்றுக்கொள்ளவும் என்றது.

அவர் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. தேசம்மா முதலில் சிரிப்பை நிறுத்தவில்லை. பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுத்து தெரியாத ஜென்மம் சார் நான். நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கினேன்" என்றாள்.

இதோ தப்பிக்க ஒரு வழி. அவளே திறந்து கொடுத்திருந்தாள். அந்த வழியை அவர் ஒரு கணம் பார்க்கத்தான் பார்த்தார். அதை நினைத்து அவர் பிற்பாடு பட்ட வெட்கம், மற்ற எல்லா வெட்கத்தையும்விடப் பெரியது.

"இல்லம்மா. நீ தப்பா நினைச்சிருக்கேன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். அது வேற தேசத்துக் கடன். தெரிஞ்சேதான் உன் விரலை வாங்கினேன்."

"இன்னாத்துக்கு சார்?"

ஆயிரம் வேண்டியிருந்தது என்று எப்படிச் சொல்லுவார்? அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் சார் அல்லார்கிட்டயும் சொன்னேன். பேங்க் சார் சொன்னா நடக்கும்னு" என்றாள் மெதுவாக.

இன்னும் எத்தனை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் கடிதம் இருக்கிறதோ என்று நினைத்தபடியே திரும்பினார். உள்ளே போனார். காசிக்குப் போக வைத்திருந்த பணம் பீரோவில் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற காமாக்ஷி, சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"அவ கேட்டபோதே இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? அதுக்குமா காசு?" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

பத்தாயிரம் ரூபாயை வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "மூணு சவரனுக்குச் சரியா இருக்கும். புஷ்பத்துக்கு வாங்கும்மா."

தேசம்மா பணத்தைத் தொடவில்லை. "எப்போ தரணும் சார்?"

"திருப்பித் தர வேண்டாம்மா."

"அன்னிக்கும் அப்டித்தான் சார் சொன்ன."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்ட குரலில் சொன்னாள். வெங்கடரமணன் மறுபடி உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து வந்தார். இந்தப் பணம் தேசம்மாவுக்குச் சொந்தம், கடன் இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை, அவளுடைய நகை போனது என்னால்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படித்தும் காட்டினார்.

அவள் அதை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பணம் இங்கியே கெடக்கட்டும் சார். சர்ச்சுல சிஸ்டர் கீறாங்க. அவங்ககிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வரேன்."

படி இறங்கிப் போனாள். வெங்கடரமணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கன்னியாஸ்திரீ அந்தத் தாளை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்துச் சொல்ல வேண்டும், அதுவரை அவள் நம்பாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.