பௌர்ணமி டூட்டி

கல்யாணத்துக்கு முன்பு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வீடு, பிள்ளை, சமையல், கோயில் என்று காலம் போய்விட்டது. ஐம்பது தாண்டி மறுபடியும் ஒரு மேசைக்கு முன்னால் உட்காருவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் வேன் ஓட்டியவர். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றி வருவார். சர்க்கரை முதலில் அவருடைய கால் விரலைப் பிடித்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேனையும் விற்றோம். கல்யாணமான நாளிலிருந்து பௌர்ணமி தவறாமல் இரண்டு பேரும் சேர்ந்து மலையைச் சுற்றியவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் பௌர்ணமிக்கு அவர் சொன்னது ஒன்றுதான். "எனக்கும் சேத்து நீ நடந்துட்டு வாம்மா."

அன்றிலிருந்து நான் தனியாக நடந்தேன். திரும்பி வரும்போது அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கல் உப்புப் போட்டு வெந்நீர் வைத்திருப்பார். பிளாஸ்டிக் பேசினில் என் காலை வைக்கச் சொல்லி, அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் நடந்து வந்த மாதிரி அவர் முகத்தில் ஒரு களைப்பு தெரியும்.

மாத்திரைச் செலவு தாங்காமல்தான் செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் வேலை கேட்டுப் போனேன். மேனேஜருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். மரியாதையான பிள்ளை. "அம்மா, டைப்பிங் தெரிஞ்சா போதும், மத்ததை இவங்க சொல்லிக் குடுப்பாங்க" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு. பௌர்ணமிக்கு மட்டும் லீவு கேக்கக் கூடாது. அன்னிக்குத்தான் நமக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

சரிங்க என்று தலையாட்டிவிட்டேன். அண்ணாமலையார் ஏதாவது ஒரு வழி விடுவார் என்று நம்பித்தான் ஆட்டினேன்.

வேலை சொல்லிக்கொடுத்த பெண் நல்ல வாயாடி. முதல் நாள் பழக்கதோஷத்தில் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திரையில் வரிசையாக எழுத்து ஓடியது. "ஆன்ட்டி, நீங்க சாமி கும்பிட்டதுல ஒரு கெஸ்ட் பேரு மாறிப்போச்சு பாருங்க" என்று சிரித்தாள். பழைய மெஷின் ஞாபகத்தில் நான் ஓங்கி அடித்தால், "மெதுவா ஆன்ட்டி, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். விரலுக்கு எழுத்து இருக்கும் இடம் மறக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை அன்று சாயங்காலம் வீட்டில் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "பௌர்ணமிக்கு?" என்றார். சொன்னேன். "வேலைதானே முக்கியம், போ" என்றார்.

அந்தப் பௌர்ணமி வந்தது. மதியம் போனால் மறுநாள் விடியும்வரை டூட்டி. எங்கள் விடுதி வாசலே கிரிவலப் பாதைதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளிருந்து பார்த்தால் ரோடு தெரியும். வெயில் நேரத்தில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். ஏசி சத்தத்தில் அரோகரா கூடச் சன்னமாகத்தான் கேட்டது.

பௌர்ணமி அன்று நான் காலில் ஒன்றும் போட்டதில்லை. நடக்கத்தான் முடியவில்லை, இதையாவது செய்வோம் என்று அவர்கள் கொடுத்த கறுப்பு ஷூவைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு குடும்பத்துக்குச் சாவி எடுத்துக் கொடுக்க எழுந்தபோது மேனேஜர் பார்த்துவிட்டார். அவர்கள் மேலே போகும்வரை காத்திருந்தார்.

"என்னம்மா, ஷூ எங்க?"

"இன்னிக்கு பௌர்ணமிங்க."

"அதனாலதாம்மா சொல்றேன். கெஸ்ட் பாக்குறாங்க. போட்டுக்குங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். குனிந்து போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று அவள் கிண்டலும் செய்யவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் எங்கள் தெருக்காரி வந்தாள். மாதாமாதம் எனக்குத் துணையாக நடப்பவள். நேராகக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். நான் பாதி எழுந்து கையைத் தூக்கினேன். அவள் வியர்வையில் கரைந்த குங்குமத்தை ஓரம் துடைத்துச் சரிசெய்துகொண்டாள். தன் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு அடி அண்ணாமலைப் பக்கம் கூட்டத்தோடு போய்விட்டாள். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் மேசைமேல் வைத்தேன்.

விடிந்ததும் வெளியே வந்தேன். பஸ்ஸும் இல்லை, ஆட்டோவையும் விடவில்லை. எங்கள் வீடு டவுனுக்குள் இருக்கிறது. கூட்டம் மொத்தமும் மலையை வலமாகச் சுற்றி எதிரே வந்துகொண்டிருந்தது. நான் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டோரமாக அவர்களுக்கு எதிராக நடந்தேன். ஒரு பெரியவர் நின்று, "ஏம்மா, இப்படி இடமா போறியே, ஆவுமா? திரும்பி நட" என்றார்.

"வீட்டுக்குப் போறேங்க ஐயா."

திரும்பி நடந்திருக்கலாம்தான். கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் வீட்டில் அவருக்கு இப்போது கண் மங்கல், அளவு பார்த்து ஊசி போட்டுக்கொள்ள முடியாது. நான் போய்ப் போட்டால்தான் அவர் ஒரு வாய் சாப்பிட முடியும். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு முகமும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

வீட்டில் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே பேசினில் தண்ணீர். அடியில் கல் உப்பு கரையாமல் கிடந்தது.

"நடக்கலைங்க" என்றேன்.

"தெரியும்மா. கை பழக்கம், வெச்சுட்டேன். ஆறிப்போச்சு. திரும்பச் சூடு பண்ணட்டுமா?"

வேண்டாம் என்று அப்படியே காலை வைத்தேன். ஷூ அழுத்திய இடம் சிவந்திருந்தது. குனிந்து பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ.

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசமும் எனக்குத்தாங்க டூட்டி."

அவர் துண்டை எடுத்து நீட்டினார். காலைத் துடைத்துக்கொண்டு போய் ஊசியை எடுத்து வந்தேன். பேசினைப் பார்த்தபடியே சட்டையைத் தூக்கினார்.